போடி ரயிலும் உங்கள் ஆல்பமும்

மதுரை-போடி மீட்டர் கேஜ் ரயில் 2010 இறுதியில் நின்றது. 2023 ஜூனில் போடிக்கு வந்தது அகலப்பாதை ரயில். பழைய ரயிலை இனி கணினியில் மட்டுமே ஓட்ட முடியும்.

மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர் (2001), இலவச ஓப்பன் ரெயில்ஸ் ஆகியவற்றுக்காக ஆர்வலர்கள் இந்திய இன்ஜின்களையும் பாதைகளையும் உருவாக்கிப் பகிர்கிறார்கள். இறக்கிக்கொண்டால் மட்டும் போதுமா? நாமும் ஏதாவது தர வேண்டாமா?

இன்ஜின் வடிவமைக்க நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி ஸ்டேஷன்களில் எடுத்த பழைய போட்டோ வீட்டு ஆல்பத்தில் இருந்தால், ஸ்கேன் செய்து, இடம், ஆண்டு குறிப்பிட்டு அவர்களுக்கு அனுப்புங்கள். பெட்டியின் நிறத்தையும் பிளாட்பாரத்தையும் அதைப் பார்த்துத்தான் சரியாக அமைக்க முடியும்.

நண்பருக்கு இன்ஜினை காப்பி செய்து தரும்போது, உருவாக்கியவர் பெயருள்ள ரீட்மி ஃபைலை அழிக்காதீர்கள். பெயரே போய்விட்டால், அடுத்த இன்ஜினை அவர் ஏன் தர வேண்டும்?