அத்தையும் எறும்பும்

சென்ற மாதம் ஆபீஸில் பழைய அரியர்ஸ் கொஞ்சம் கைக்கு வந்தது. இந்த மாதிரிப் பணம் வந்தால் புத்திசாலிகள் வீட்டில் சொல்வார்கள். அதிபுத்திசாலிகள் சொல்லாமலே செலவழிப்பார்கள். நான் இரண்டிலும் சேராதவன். காலை காப்பியின்போது, ‘ஒரு லென்ஸ் வாங்கலாம்னு பார்க்கறேன்’ என்று மெல்ல ஆரம்பித்தேன்.

‘இருக்கிற லென்ஸுக்கு என்ன?’

‘அதுல எறும்பு எடுக்க முடியாது.’

மனைவி என்னை இரண்டு விநாடி பார்த்தாள். ‘எறும்பை எதுக்குப் போட்டோ எடுக்கணும்? சாக்பீஸ்ல கோடு போட்டா போயிடும்.’

மொட்டை மாடித் தொட்டியில் இருக்கும் செம்பருத்தி மேல் எறும்பு போவதை, அதன் மீசை தெரிகிற அளவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்பது என் பலநாள் ஆசை. இதை நாற்பது வயதில் விளக்குவது கஷ்டம். கடைசியில் வீட்டு நிதியமைச்சகம் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தது. ‘ஒரே லென்ஸ். எறும்பும் எடுக்கணும், மனுஷங்களும் நல்லா விழணும். ரெண்டும் முடியும்னா வாங்குங்க.’

முடியுமா? இதுதான் கேள்வி. பதில் தேடி மூன்று வாரம் தூக்கம் கெட்டேன். உங்களுக்காவது கெடாமல் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

முதலில் ‘மாக்ரோ’ என்றால் என்ன? எறும்பு ஒரு சென்டிமீட்டர் நீளம் என்றால், காமிராவுக்குள் சென்சார் மேல் விழும் பிம்பமும் ஒரு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இதற்கு 1:1 என்று பெயர். நிஜ மாக்ரோவுக்கு இதுதான் அடையாளம். சில ஜூம் லென்ஸ்களின் வயிற்றிலும் ‘மாக்ரோ’ என்று எழுதியிருக்கும். நம்பாதீர்கள். பெரும்பாலும் 1:4 வரை போகும், ரொம்ப முயன்றால் 1:2. ஓட்டல் போர்டில் ‘உயர்தர’ என்று இருப்பது போலத்தான் இதுவும்.

அடுத்தது, எத்தனை மில்லிமீட்டர்? மாக்ரோவில் மூன்று ஜாதி. 50, 60 மி.மீ. குட்டைகள், 90, 100, 105 நடுத்தரம், 150, 180 நெட்டைகள். குட்டை லென்ஸ் விலை குறைவு. ஆனால் 1:1 வேண்டுமென்றால் எறும்பின் மூக்குக்கு நேரே போய் நிற்க வேண்டும். லென்ஸின் நிழலே அதன் மேல் விழும். எறும்பு சகித்துக்கொள்ளும், தட்டாம்பூச்சி பறந்துவிடும். நெட்டை லென்ஸில் ஓரடி தள்ளி மரியாதையாக நின்று எடுக்கலாம். ஆனால் அதன் கனமும் விலையும் நம் அரியர்ஸுக்குக் கட்டுப்படாது. நடுத்தரம்தான் நடுத்தர வர்க்கத்துக்கு. இது எப்போதும் எல்லாவற்றிலும் இப்படித்தான்.

இந்த லென்ஸ்கள் ஆதியில் பூச்சிக்கென்று மட்டும் பிறந்தவை அல்ல. 1956-ல் நிக்கான் கம்பெனி தன் முதல் மைக்ரோ நிக்கார் லென்ஸைக் கொண்டுவந்தபோது முக்கியமான வேலை, புத்தகங்களை மைக்ரோபிலிமில் பதிவது. ஆங்கில எழுத்துக்கு சுமாரான லென்ஸ் போதும். ஜப்பானியரின் காஞ்ஜி எழுத்தில் (கஞ்சி என்று படிக்க வேண்டாம்) ஒரே எழுத்துக்குள் பத்து இருபது கோடுகள். ஒரு கோடு மங்கினால் அர்த்தமே மாறிவிடும். ஆகவே ஈவிரக்கம் இல்லாத கூர்மை தேவைப்பட்டது. நிக்கான்காரர்கள் மாக்ரோ என்று சொல்லாமல் ‘மைக்ரோ’ என்றுதான் பல காலம் தம் லென்ஸில் எழுதிவந்தார்கள்.

கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். சன்னமான கோடுகளை ஒன்றுவிடாமல் படிப்பதற்கென்றே செய்த லென்ஸை நம் வீட்டுப் பெண்மணிகளின் முகத்துக்கு நேரே பிடிக்கலாமா?

பிடிக்கலாம் என்று சொன்னது டாம்ரான் கம்பெனி. 1979-ல் அவர்கள் 90 மி.மீ. f/2.5 என்று ஒரு மாக்ரோ கொண்டுவந்தார்கள். அது 1:2 வரைதான் போகும். ஆனால் அதை வாங்கியவர்கள் பூவை எடுத்துவிட்டு அப்படியே திரும்பி மனைவியையும் எடுத்துப் பார்த்தார்கள். முகம் கூர்மையாக, பின்னணி வெண்ணெய் மாதிரிக் கரைந்து வந்தது. ‘போர்ட்ரெய்ட் மாக்ரோ’ என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. பிற்பாடு வந்த 90 மி.மீ. தம்பிகள் 1:1 வரை போவார்கள்.

முகத்துக்கு ஏன் 90, 100 மி.மீ. பொருந்துகிறது? இங்கே பலரும் செய்யும் தப்பு, லென்ஸ்தான் முகத்தை அழகாக்குகிறது என்று நினைப்பது. லென்ஸ் அல்ல, தூரம். ஒரு சின்னக் கணக்கு. உங்கள் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே சுமார் 12 சென்டிமீட்டர். காமிரா மூக்கிலிருந்து 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 42 செ.மீ. தூரத்தில். நாற்பத்திரண்டை முப்பதால் வகுத்தால் 1.4. அதாவது காதை ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிசாக விழும். அதே காமிராவை ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தால் 162-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும். வெறும் 8 சதவீதம். செல்பியில் எல்லோரும் பெருச்சாளி போல் தெரிவதன் ரகசியம் இதுதான். 2018-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் இதைக் கணக்குப் போட்டு, ஓரடியில் எடுத்த செல்பியில் மூக்கின் அகலம் ஐந்தடியில் எடுத்ததைவிட 30 சதவீதம் கூடத் தெரிகிறது என்று பிளாஸ்டிக் சர்ஜரி பத்திரிகையில் எழுதினார்கள். காரணம், செல்பியைக் காட்டி மூக்கைக் குறைக்கச் சொல்லி வருபவர்கள் பெருகிவிட்டார்கள். கையை நீட்டினால் போகிற வியாதிக்குக் கத்தி.

ஆக, ஐந்தாறு அடி தள்ளி நின்றால்தான் மூக்கு மூக்காக இருக்கும். அந்தத் தூரத்தில் தலையும் தோளும் மட்டும் படத்தை நிறைக்க வேண்டுமென்றால் 85-லிருந்து 105 மி.மீ. வேண்டும். 1984-ல் பாகிஸ்தானில் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த, பச்சைக் கண் ஆப்கானியச் சிறுமியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அது நிக்கான் 105 மி.மீ. மாக்ரோ லென்ஸ் அல்ல, ஆனால் அதே நீளம்.

இதில் ஒரு பொடி எழுத்து நிபந்தனை. மேலே சொன்னது 36-க்கு 24 மி.மீ. சென்சார் உள்ள புல் பிரேம் காமிராவுக்கு. என்னுடையது போல் சின்ன சென்சார் காமிராவில் 90 மி.மீ., கிட்டத்தட்ட 135 மாதிரி நடந்துகொள்ளும். தலை, தோள் எடுக்கவே எட்டடி போக வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் நான் பீரோவோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். உங்கள் வீடும் அப்படி என்றால் 60 மி.மீ. மாக்ரோ யோசிக்கலாம். எறும்புக்கு இன்னும் கிட்டே போக வேண்டும், அவ்வளவுதான்.

முகம் மட்டும்தான் எடுப்பேன் என்பவர்கள் மாக்ரோ பக்கமே வர வேண்டாம். 85 மி.மீ. f/1.8 போதும். பின்னணி மங்குவது லென்ஸின் திறப்பு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ. ஓட்டை. 90-ஐ 2.8-ஆல் வகுத்தால் 32. பெரிய ஓட்டை ஜெயிக்கும். மாக்ரோ லென்ஸ் போகஸ் தேடுவதில் மந்தமும்கூட. கால் மில்லிமீட்டர்கூடத் தேறாத ஆழத்தில் எறும்பைப் பிடிக்கவென்று செய்தது. பாதி இருட்டில் முகத்தைக் காட்டினால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துவிட்டு, அரசாங்க ஆபீஸ் மாதிரி ‘நாளைக்கு வா’ என்கும். ‘லிமிட்’ சுவிட்ச் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டத்தில் தேடுவதை விட்டுவிடும்.

செகண்ட் ஹேண்டில் ஒரு டாம்ரான் 90 வாங்கினேன். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஊறுகாய்க்கு முன் லென்ஸ் பூத்துவிடும். எறும்புகள் முதல் வாரமே ஒத்துழைத்தன. மனுஷங்கள்தான் பாக்கி.

அப்போதுதான் ஊரிலிருந்து அத்தை வந்தாள். வலது கண்ணில் புரை ஆபரேஷன். கட்டுப் பிரித்து, சொட்டு மருந்தெல்லாம் முடிந்ததும் என் லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். ‘எனக்கும் ஒண்ணு வெச்சிருக்காங்கடா. ஆறு மில்லிமீட்டராம். உன்னோடது இம்மாம் பெரிசு?’

‘அத்தை, உங்களை ஒரு படம் எடுக்கட்டுமா?’

கேட்டபிறகுதான் உறைத்தது. அத்தைக்குச் சின்ன வயசில் பெரியம்மை போட்டுப் பிழைத்தவள். முகம் முழுக்கத் தழும்பு. இந்தியாவில் 1975-க்குப் பிறகு யாருக்கும் பெரியம்மை வரவில்லை. அதனால் இப்போதுள்ள பையன்கள் அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். குடும்பத்தின் எந்த குரூப் போட்டோவிலும் அத்தை பின்வரிசையில், யாருடைய தோளுக்காவது பின்னால்தான் இருப்பாள். நானோ காஞ்ஜி எழுத்துக் கோடுகளை எண்ணும் பரம்பரையில் வந்த லென்ஸோடு எதிரே நிற்கிறேன்.

‘எடேன்’ என்றாள்.

ஜன்னலைப் பார்க்க உட்காரவைத்தேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் நிழல் தேங்கும். நேர் எதிரே பெரிய ஜன்னலிலிருந்து வந்தால் நிழல் இருக்காது. தழும்பைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் வெளிச்சம். லென்ஸ் இருப்பதைச் சொல்கிறது. f/5.6, பீரோவில் முதுகு, கிளிக்.

கம்ப்யூட்டரில் பெரிசாக்கியபோது எனக்கே திக்கென்றது. எல்லாம் தெரிந்தது. வெளிச்சத்தின் தயவால் நிழல் இல்லைதான், ஆனால் ஒரு புள்ளி விடாமல். ‘இதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல எடுத்துடலாம் அத்தை’ என்று அவசரமாகச் சொன்னேன். சாப்ட்வேரில் அழிப்பது சுலபம்.

‘தொடாதே’ என்றாள்.

பிறகு சொன்னாள். 1973-ல் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஸ்டூடியோவில் எடுத்தார்கள். ஸ்டூடியோக்காரர் நல்லவர். கேட்காமலே நெகட்டிவில் பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தடவி, அத்தனை தழும்பையும் நிரப்பிவிட்டார். படம் நிலா மாதிரி வந்தது. அதைப் பார்த்தே சம்பந்தம் முடிந்தது. கல்யாணத்தன்று மணையில் முகத்தைப் பார்த்த மாமியார் எல்லோர் காதிலும் விழும்படி, ‘போட்டோவுல இருந்த பொண்ணு எங்கே?’ என்று கேட்டாளாம்.

‘அந்தக் கேள்வியை இருபத்திரண்டு வருஷம் கேட்டேன்டா. குழம்பில உப்பு கூடினாலும் அதான், பிள்ளைக்கு ஜுரம்னாலும் அதான். ஏமாத்தினது யாரு? அந்தப் பென்சில்.’

எனக்குப் பேச்சு வரவில்லை. மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அத்தை ஸ்கிரீனுக்குக் கிட்டே போனாள். ஆபரேஷன் செய்த கண்ணால் ரொம்ப நேரம் பார்த்தாள். நெற்றியை, கன்னத்தை, மூக்கை. மூக்கு சரியான அளவில் இருந்தது, எட்டடி தூரத்தின் புண்ணியம்.

‘மூக்கு எங்க அப்பாவோடது’ என்றாள். ‘இது நாள் வரைக்கும் கவனிக்கலை.’

மாக்ரோ லென்ஸ் முகத்துக்கு ஆகுமா என்று ஆரம்பித்தேன். கூர்மை அதிகம் என்பது ஒரு குறையே அல்ல. கூர்மையை வேண்டுமானால் பிறகு குறைத்துக்கொள்ளலாம், மங்கலைக் கூர்மையாக்க முடியாது. குறைக்கலாமா என்று மட்டும் படத்தில் இருப்பவரைக் கேட்டுவிடுங்கள்.

மறுநாள் பெரிய சைஸில் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதைப் புடவைகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக்கொண்டு, ‘இன்னொரு காப்பி கிடைக்குமாடா?’ என்றாள்.

‘யாருக்கு அத்தை?’

‘மாமியாருக்குத்தான் அனுப்பலாம்னு பார்த்தேன்’ என்று பெருமூச்சு விட்டாள். ‘போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆச்சு. கொடுத்து வைக்கலை.’