மறுப்பது யார்?

“வயதானவர்கள் புதிய தொழில்நுட்பத்தை ஏற்க மறுக்கிறார்கள்” என்ற வாக்கியத்தை இன்று கருத்தரங்குகளிலும் வங்கிகளிலும் வீட்டுக் கூடங்களிலும் ஒரே தொனியில் கேட்க முடிகிறது. ஒன்றை மறுக்க வேண்டுமானால் மறுக்கும் உரிமை முதலில் இருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாதவர்களைப் பார்த்து இதைச் சொல்வது அநியாயம் என்பதே என் கட்சி.

என் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்கு வயது 81. அறுபதுகளில் தந்தித் துறையில் சேர்ந்தவர். மோர்ஸ் குறியீட்டைக் காதால் கேட்டுக் கையால் எழுதி, முகம் தெரியாத குடும்பங்களின் சாவையும் பிரசவத்தையும் நாற்பதாண்டுக் காலத்தில் பெரும்பகுதி கையாண்டவர். மத்திய அரசின் ஓய்வூதியம் பெறுகிறார். சென்ற நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க அவருடன் நானும் வங்கிக்குப் போனேன்.

இயந்திரம் அவருடைய விரல் ரேகையை ஏற்கவில்லை. கையைக் கழுவி வரச் சொன்னார்கள். கழுவி வந்தார். வேறு விரலை வைக்கச் சொன்னார்கள். வைத்தார். பிறகு கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக் கண்ணை இமைக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்துகொண்டவர் அவர். எப்போது இமைப்பது என்று திரையில் வந்த எழுத்தைப் படிப்பதற்குள் நேரம் முடிந்துபோயிற்று. “பேரன் யாரையாவது கூட்டிட்டு வாங்க தாத்தா, உங்களுக்கு இதெல்லாம் வராது” என்றார் கவுண்ட்டரில் இருந்த இளைஞர். பணிக்காலம் முழுவதும் ‘சார்’ என்று அழைக்கப்பட்டவர் அந்த நொடியில் ‘தாத்தா’ ஆனார். காகிதப் படிவம் கேட்டபோது, இப்போது எல்லாம் ஆன்லைன்தான் என்று பதில் வந்தது.

அது பொய். ஜீவன் பிரமாண் என்ற மின்னணுச் சான்றுமுறை 2014 நவம்பரில் வந்தது. முகம் காட்டிச் சான்றளிக்கும் வசதி 2021இல் சேர்ந்தது. நடக்க முடியாத பலருக்கு இவை உதவியாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் நேரில் சென்று காகிதத்தில் கையொப்பமிடும் முறையை எந்த அரசும் ரத்து செய்யவில்லை. விதியில் இருக்கும் வழியைக் கவுண்ட்டரில் அடைத்துவிட்டு, முதியவர் மறுக்கிறார் என்று எழுதுகிறோம்.

இந்தத் தலைமுறை எதை மறுத்தது? 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது இவர் பள்ளிச் சிறுவன். பதினாறு அணாக் கணக்கை மறந்து நூறு பைசாக் கணக்கைப் பழகினார். படி போய் லிட்டர் வந்தது, பழகினார். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. லை, ளை, ணை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் வடிவம் மாறியது. தாய்மொழியின் எழுத்தையே மாற்றிப் படித்தவர்களைப் பார்த்து மாற்றத்துக்கு அஞ்சுகிறவர்கள் என்கிறோம். 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, தான் கற்ற வித்தை முழுதாக மறைந்ததையும் இவர் சலனமின்றிப் பார்த்தார்.

அந்த மாற்றங்களுக்கும் இன்றைய மாற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். அன்று பழையதும் புதியதும் சில காலம் அருகருகே இருந்தன. அணாக் காசும் நயா பைசாவும் ஒரே கடையில் செல்லுபடியாயின. பழைய லை எழுதிய முகவரியைத் தபால்காரர் திருப்பி அனுப்பவில்லை. கற்றுக்கொள்ள அவகாசம் இருந்தது. தவறினால் கேட்க ஒரு மனிதர் இருந்தார். இன்று இரண்டையும் எடுத்துவிட்டோம்.

இதைக் கேட்டுப் பெற்றவர்கள் உண்டு. ஸ்பெயினில் வலென்சியாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான், தம் 78ஆம் வயதில், ‘நான் முதியவன், மூடன் அல்ல’ என்ற முழக்கத்துடன் வங்கிகளை எதிர்த்து ஓர் இயக்கம் தொடங்கினார். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். 2022 பிப்ரவரியில் அந்நாட்டு வங்கிகள் கவுண்ட்டர் நேரத்தை நீட்டிக்க ஒப்புக்கொண்டன. அவர் கேட்டது கணினி வகுப்பு அல்ல, பதில் சொல்ல ஒரு மனிதரை. இங்கே 2025 ஏப்ரல் 30 அன்று, அமிலவீச்சில் கண்ணிமை சிதைந்தவர்கள் தொடர்ந்த வழக்கில், மின்னணு வசதியை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கண் இமைப்பதற்கு மாற்று வழிகள் வேண்டும் என்றும் ஆணையிட்டது.

‘பேரனைக் கூட்டிவாருங்கள்’ என்ற யோசனையில் பெரிய இழப்பு ஒன்று ஒளிந்திருக்கிறது. பேரன் கைக்குக் கைபேசி போனால் ஓடிபியும் போகிறது, வங்கி இருப்பும் போகிறது. மகளுக்கு மாதாமாதம் கொடுத்தனுப்பும் தொகை மருமகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தன் பணத்தைத் தன் இஷ்டப்படி செலவிடும் சுதந்திரம், எண்பது வயதில் ஒருவருக்கு மிஞ்சியிருக்கும் கடைசி அதிகாரம். அதைத்தான் கேட்கிறோம்.

எதிர்த்தரப்பையும் விட்டுவிடக் கூடாது. ‘நான் கணினியைத் தொடுவதில்லை’ என்று பெருமை பேசும் மூத்த எழுத்தாளர்கள் நம்மிடையே உண்டு. தட்டச்சு செய்து தர மனைவியோ சீடரோ இருப்பவருக்கே அந்தப் பெருமை கட்டுப்படியாகும். அது மறுப்பு அல்ல, வசதி. தனியாக வாழும் விதவைக்கு அந்த வசதி இல்லை. ஆகவே அவர் மளிகைக் கடைக்காரரிடம் கேட்டாவது வாட்ஸப் அழைப்பைப் பழகிவிடுகிறார். விருப்பம் இருந்து, அதட்டல் இல்லாத இடத்தில் முதியவர்கள் கற்கவே செய்கிறார்கள்.

அன்று மேலாளரிடம் வாதாடிய பின் காகிதப் படிவம் மேசை இழுப்பறையிலிருந்து வந்தது. நிரப்ப நான்கு நிமிடம் ஆனது. பெரியவர் தமிழில்தான் கையொப்பமிடுவார். அதில் வரும் லை இன்றும் துதிக்கை வைத்த பழைய லைதான். மேலாளர் அதைப் பழைய கையொப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்த்து முத்திரையிட்டார். கணினியில் ஏற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.