நாய் குறுக்கே வரவே இல்லை!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். "என் கணவர் எப்போதாவதுதான் குடிப்பார். குடித்தாலும் வண்டியை நிதானமாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்துவிடுவார். அந்த விஷயத்தில் அவர் கெட்டி" என்று. அதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சகோதரி மேல் கோபமில்லை. நானும் ஒரு காலத்தில் அப்படியே பேசிக்கொண்டு இருந்தவள்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு நத்தம் பக்கம். 2022 ஆவணியில் குலசாமி கோவிலில் எங்கள் பங்காளி வீட்டுக் காதுகுத்து. கெடா வெட்டு, கறி விருந்து என்று கோவில் திமிலோகப்பட்டது. கறிச்சோறு என்றால் கூடவே பாட்டிலும் வந்துவிடுமே! மத்தியானத்துக்கு மேல் ஆண்கள் இரண்டு மூன்று பேராக மாந்தோப்புப் பக்கம் ஒதுங்கினார்கள். பெண்கள் நாங்கள் பார்த்தும் பாராத மாதிரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் நடப்பதுதானே.

பொழுது சாய்கிற நேரம் என் ஓரகத்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, அவரு கண்ணைப் பாத்தீங்களா? வண்டியில ஏற பயமா இருக்கு. நான் உங்ககூட பஸ்ஸில வந்துடறேன்" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் நிக்கிறாங்க. நீ பஸ்ஸில ஏறினா புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னமோ ஏதோன்னு பேசுவாங்க. பேசாம ஏறிப் போ" என்றேன். கொழுந்தனாருக்கு ஒரு சொம்பு மோரில் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "மதினி, நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்று சிரித்தார்.

அவர்கள் பையனுக்கு அப்போது எட்டு வயது. அவனை மட்டும் நான் என்னோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் நிறுத்தினேன் என்று இன்றைக்கும் ராத்திரி விழித்துக்கொண்டு யோசிக்கிறேன். பிள்ளையை அந்த வண்டியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அவளை ஏற்ற மட்டும் மனசு வந்தது.

நாலு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வெள்ளைக் கோடு போடாத ஒரு வேகத்தடை. தினமும் போய்வருகிற ரோடுதான், அது அங்கே இருப்பது கொழுந்தனாருக்குத் தெரியாமல் இல்லை. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்த அவள் தூக்கி எறியப்பட்டு, பின்மண்டை தாரில் அடித்துவிட்டது. ஹெல்மெட் வீட்டுப் பரணில் கிடந்தது. 108 சீக்கிரமாகவே வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்தது. பிழைத்துக்கொண்டாள்.

பிழைத்துக்கொண்டாள் என்று எழுதிவிட்டேன். நடக்கிறாள், பேசுகிறாள், சமைக்கிறாள். ஆனால் அவளுக்கு வாசனை தெரியாது. மண்டையில் பலமாக அடிபட்டால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துபோகுமாம். பல பேருக்கு அது திரும்ப வருவதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். இல்லத்தரசிகளுக்குச் சொல்ல வேண்டுமா? பால் அடிப்பிடித்தால் தெரியாது. குழம்பு ஊசிப்போனது தெரியாது. காஸ் கசிந்தால் தெரியாது. அதனால் பையன் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் சிலிண்டர் பக்கத்தில் நின்று மோந்து பார்த்து, "சரியா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறான். தலையில் வைத்த மல்லிகைக்கு மணமில்லை என்று ஒரு நாள் என்னிடம் அழுதாள். வாசனை இல்லாததால் சாப்பாட்டிலும் ருசி இல்லை. ஆள் பாதியாகிவிட்டாள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டார்கள். "நாய் குறுக்க வந்துடுச்சுங்க" என்று சொன்னது நான்தான். போலீஸ் வந்தபோதும் அதையேதான் சொன்னோம், என் வீட்டுக்காரர், நான், மாமியார் எல்லோரும் ஒரே குரலில். கேஸ் ஆகிவிடும், குடும்ப மானம் போகும் என்ற பயம். நாய் எதுவும் வரவே இல்லை. அந்த 2022-ல் மட்டும் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் 17,884 பேர் செத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 49 பேர்! அரசாங்கக் கணக்கில் அதிவேகத்தால் என்றுதான் பெரும்பங்கு இருக்கிறது, குடியால் என்பது ரொம்பக் கொஞ்சம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்களை மாதிரி எத்தனை வீட்டில் நாய் மேலும் மாட்டின் மேலும் பழி போட்டிருக்கிறார்களோ!

அந்த மோர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மோர், எலுமிச்சை, கட்டங்காபி, தலையில் தண்ணீர் ஊற்றுவது, இது எதுவும் போதையை இறக்காது. முழிப்பு வந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்ததைக் கல்லீரல்தான் மெதுவாக எரிக்க வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. 180 மில்லி குவார்ட்டர் ஒன்று முழுதாக இறங்கப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி பத்து மணிக்குக் குடித்துவிட்டு விடிகாலை நாலு மணிக்குப் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்கும் போதை மிச்சம் இருக்கத்தான் செய்யும். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அரை குவார்ட்டரிலேயே நம்ம ஊர் ஆளுக்கு அது தாண்டிவிடும். "கொஞ்சமாத்தான் சாப்பிட்டேன்" என்பதெல்லாம் நம்மைச் சமாதானப்படுத்தும் பேச்சு.

முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே. பல பேருக்குத் தெரியாதது இன்னொன்று இருக்கிறது. வண்டி இன்சூரன்ஸோடு சொந்தக்காரர் தானே ஓட்டும்போது அடிபட்டு இறந்தால் 15 லட்சம் ரூபாய் தருகிற விபத்துக் காப்பு இருக்கிறதல்லவா? குடித்துவிட்டு ஓட்டியிருந்தால் அது கிடையாது. தாலியும் போய், பிள்ளைகளுக்கு அந்தப் பணமும் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். உங்கள் வீட்டு பாலிசிப் பேப்பரை எடுத்துப் படித்துப் பாருங்கள், இல்லை பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் சென்னையில் டிராபிக் போலீசார், குடித்தவர் வண்டியில் கூட வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவள் என்ன பாவம் செய்தாள்? அந்த அபராதம் யார் கையிலிருந்து போகும்? அரிசிப் பானையில் போட்டு வைத்த நம் சிறுவாட்டுக் காசுதானே! இப்போதும் மனைவிக்கு அபராதம் போடுவது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அபராதத்துக்குப் பயந்தாவது அன்றைக்கு நான் அவளை ஏற்றாமல் இருந்திருப்பேனோ என்றும் நினைத்துக்கொள்கிறேன். நாலு பேர் பேச்சுக்குப் பயந்த எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குப் பயம் வராதா?

கடையை ரோட்டை விட்டுத் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்த காலமும் உண்டு. 2016 டிசம்பரில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பல ஊர்களில் கடை ஊருக்குள் வர, பெண்கள் வெயிலில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அடுத்த வருஷமே அந்த உத்தரவில் தளர்வுகள் வந்துவிட்டன. கடை எங்கே இருந்தாலும் இவர்கள் பைக்கில்தானே போய் வருகிறார்கள்!

குடி மட்டும் இல்லை, சளி மாத்திரையும் சில இருமல் மருந்துகளும் கண்ணைச் சொருக வைக்கும். என் வீட்டுக்காரர் சொட்டு குடிக்காதவர். சளி மாத்திரை போட்டுக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் சந்தைக்குப் போனவர் வாய்க்கால் ஓரம் போய் நின்றார். மாத்திரை கொடுக்கும்போதே மருந்துக் கடைக்காரரிடம் "தூக்கம் வருமா?" என்று நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கொழுந்தனார் திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். ஆறு மாதம் தொடவில்லை. அப்புறம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். அதை எங்களால் நிறுத்த முடியவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் விசேஷ நாட்களில் காலையிலேயே வண்டிச் சாவி ஓரகத்தியின் இடுப்பு முடிச்சுக்குப் போய்விடும். முதல் தடவை கத்தினார், சம்பந்தி வீட்டார் எதிரிலேயே! எல்லோரும் பார்த்தார்கள்தான். அவள் "நடந்து போங்க" என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கை நடுங்கிற்று, அவளுக்கு நடுங்கவில்லை.

வருகிற தையில் என் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. யாரும் பைக் எடுக்கக் கூடாது என்று முடிவு செய்து வேன் பேசியிருக்கிறோம், தலைக்கு 120 ரூபாய். எதற்கு வெட்டிச் செலவு என்று இப்போதே முணுமுணுப்பு வருகிறது. வேனில் வருகிறவர்கள் லிஸ்ட்டை ஓரகத்திதான் எழுதினாள். முதல் பெயர் கொழுந்தனாருடையது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.