கார்டியோ எவ்வளவு நேரம்? கேள்வியே தப்பு சாமி!

ரொம்ப நாளா மனசுக்குள்ள புகைஞ்சுகிட்டு இருந்த மேட்டர். இன்னிக்கு கொட்டிடறேன். அடிக்க வர்ற ஜிம் பிரியர்கள் வரிசையில வரவும்.

ஓ.எம்.ஆர்.ல ஆபீஸ் பக்கத்துலயே ஒரு ஜிம். பேர் வேண்டாம். ஆறு மாசப் பணத்தை மொத்தமா கட்டிட்டு 84 கிலோவோட உள்ள போனேன். டிரெயினர் தம்பி முதல் நாளே தீர்ப்பு எழுதிட்டார். "வெயிட் குறையணும்னா டெய்லி ஒரு மணி நேரம் கார்டியோ சார்." குறையலைன்னா? "ஒன்றரை மணி நேரம்." அதுக்கும் குறையலைன்னா? "டைம் ஏத்தணும் சார்." வெளிய வர வழியே வைக்காம லூப் எழுதற ஆளை எங்க ஆபீஸ்ல பார்த்திருக்கேன், ஜிம்ல அன்னிக்குத்தான் பார்த்தேன். இருந்தும் நம்பினேன் பாருங்க! ரெண்டு மாசத்துல குறைஞ்சது ஒரு கிலோ. கூடுதலா கிடைச்சது இடது முட்டி வலி.

அப்புறம்தான் உக்காந்து கணக்கு போட்டேன் (முதல்லயே போட்டிருக்கணும், பி.ஈ. படிச்சு என்ன பிரயோஜனம்). மணிக்கு 5 கி.மீ. வேகத்துல ஒரு மணி நேரம் நடந்தா, உடம்போட ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் 3.5 கலோரி செலவாகும். 84 கிலோவுக்கு 294. டிரெட்மில்லுல அந்த நம்பரைப் பார்த்தா புல்லரிக்கும். ஆனா அந்த ஒரு மணி நேரம் சேர்ல சாஞ்சு கோட் அடிச்சிருந்தாலே 84 கலோரி போயிருக்கும். அதைக் கழிச்சா நடந்ததுக்கான கூலி 210. ஒன்றே முக்கால் டேபிள் ஸ்பூன் எண்ணெய், அவ்வளவுதான்! ஜிம் வாசல்லயே டீக்கடை. ரெண்டு மெதுவடை, சக்கரை போட்ட ஒரு டீ. கணக்கு முடிஞ்சதோட இல்லாம பாக்கியும் நம்ம தலையில.

மெஷின்ல 'கொழுப்பு கரையும் வேகம்'னு ஒரு பட்டை போட்டிருப்பாங்களே, அது இன்னொரு கூத்து. மெதுவா போனா செலவாகற கலோரியில கொழுப்போட சதவீதம் அதிகம். வாஸ்தவம். ஆனா மொத்தமே கம்மியாச்சே? சதவீதத்தைக் காட்டி மொத்தத்தை மறைக்கறது எங்க அப்ரைசல் மீட்டிங்லயும் நடக்கும்.

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின் 2009ல வெளியிட்ட அறிக்கையைப் பாருங்க. வாரம் 150 நிமிஷத்துக்குக் கீழே உடற்பயிற்சி செஞ்சா எடை இறங்கறது சொற்பம். 150க்கு மேல போனா ரெண்டு மூணு கிலோ. 225லேருந்து 420 நிமிஷம் வரை செஞ்சா 5லேருந்து 7.5 கிலோ. "அப்ப டிரெயினர் சொன்னது சரிதானே"ன்னு மடக்குவீங்க. சரிதான், வாரம் ஏழு மணி நேரம் ஒதுக்கி, கூடுதலா ஒரு வடை கூட தின்னாம இருந்தா. ரிலீஸ் வாரத்துல எனக்கு குளிக்கவே நேரமில்லை அய்யா. சோத்துல ஒரு கரண்டியும் டீயில சக்கரையும் குறைக்க ஒரு நிமிஷம் கூட ஆகாது.

இதோட முடிஞ்சிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன். எனக்கு கோபம் வேற இடத்துல.

எங்கப்பாவுக்கு சுகர். டாக்டர் நடக்கச் சொன்னார். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துல காலையில முக்கால் மணி நேரம் நடந்தார், நாலு மாசம். அதே மாத்திரை, அதே சாப்பாடு, எச்பிஏ1சி 8.4லேருந்து 7.5க்கு வந்தது. எடை? ஒன்றரை கிலோ. தீபாவளிக்கு ஊருக்குப் போன நான், "என்னப்பா, நாலு மாசமா நடக்கீங்க, தொப்பை அப்படியேதானே இருக்கு"ன்னு சிரிச்சேன். "அதாம்லே, பிரயோஜனமே இல்ல"ன்னு சொன்னார். மறுவாரத்துலேருந்து போகலை. அடுத்த டெஸ்ட்ல 8.9.

தசை வேலை செய்யும்போது இன்சுலின் துணை இல்லாமலே ரத்தத்துல இருக்கற குளுக்கோஸை உள்ளே இழுக்கும். நடந்து முடிச்ச பிறகும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் இன்னும் நல்லா வேலை செய்யும். பிரஷர் இறங்கும், இதயம் பலப்படும். எடை மெஷின் இதுல எதையும் காட்டாது. கார்டியோவை 'எடை குறைக்கற மருந்து'ன்னு வித்துட்டாங்க, எடை குறையலைன்னதும் ஜனங்க மருந்தையே தூக்கிப் போடறாங்க. எங்கப்பா தூக்கிப் போட்டார். தூக்கிப் போட வெச்சவன் நான்.

அதனால எடைக்காக எவ்வளவு கார்டியோன்னு யாராவது கேட்டா, எடையைத் தட்டுல பார்த்துக்குங்கன்னுதான் சொல்றேன். இதயத்துக்கும் சுகருக்கும் எவ்வளவுன்னு கேளுங்க, பதில் இருக்கு: உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னபடி வாரத்துக்கு 150லேருந்து 300 நிமிஷம் மிதமான பயிற்சி, கூட ரெண்டு நாள் தசைக்கு எடைப் பயிற்சி. எடை குறைக்கும்போது கொழுப்போட தசையும் கரையும், அதைக் காப்பாத்தத்தான் அந்த ரெண்டு நாள். என் டிரெயினர் அந்தப் பக்கமே கூட்டிட்டுப் போகலை. டிரெட்மில்லுல ஏத்திவிட்டா அவர் நிம்மதியா போன் நோண்டலாமே!

இப்ப நான் வாரம் அஞ்சு நாள் அரை மணி நேரம் வேகமா நடக்கறேன். ராத்திரி பரோட்டா நாலு இப்ப ரெண்டு. 79 கிலோ. முட்டி பரவாயில்லை.

போன ஞாயிறு அப்பாவுக்கு போன் போட்டு மேல சொன்னதையெல்லாம் ஒப்பிச்சேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்ப அன்னைக்கு எதுக்குலே சிரிச்ச?"ன்னு கேட்டார். பதில் இல்லை. நேத்து காலையில ஆறரைக்கு கூப்பிட்டேன், அம்மாதான் எடுத்தாங்க. அப்பா போனை வெச்சுட்டு மைதானத்துக்குப் போயிருக்காராம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இன்சுலின் போடறவங்க, சுகர் மாத்திரை எடுக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு நடங்க. பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் இருக்கட்டும், திடீர்னு சுகர் இறங்கிட்டா உதவும்.