வாசலுக்கு ஒன்று, அடுப்புக்கு ஒன்று

அக்டோபர் பிறந்தால் போதும், அமெரிக்க வீட்டு வாசல்களில் கண்ணும் பல்லும் செதுக்கி வைத்த ஆரஞ்சுப் பரங்கிக்காய்களின் படங்கள் நம் செய்தித்தாள்களிலும் வந்துவிடுகின்றன. பரங்கி என்றாலே அந்த நிறம்தான் என்று குழந்தைகள் வரையக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அதே நாட்டில் டப்பாவில் அடைத்து விற்கும் பரங்கி விழுது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளையும் டிக்கின்சன் ரகத்திலிருந்து வருகிறது. அதன் தோலோ வெளிறிய பழுப்பு. நம் சாம்பாரில் வேகும் பரங்கியும் அதே குக்குர்பிட்டா மொஸ்சாட்டா இனம்தான். பிஞ்சில் பச்சையாக இருக்கும் காய் முற்ற முற்ற, பச்சையம் சிதைந்து கரோட்டினாய்டு நிறமிகள் கூடுகின்றன. பச்சையம் எவ்வளவு மிஞ்ச வேண்டும், எந்த நிறமி எங்கே சேர வேண்டும் என்பது மரபணுக்களின் கையில். எந்த மரபணு அடுத்த போகத்துக்குப் போக வேண்டும் என்பதோ விதை எடுத்து வைத்தவர்களின் கையில். வாசலுக்கு வளர்த்தவர்கள் தோலைப் பார்த்தார்கள், அடுப்புக்கு வளர்த்தவர்கள் சதையைப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவின் ஜாராடேல் ரகத்துக்கு வெளியே சாம்பல் பூத்த நீலம், உள்ளே அடர் ஆரஞ்சு. நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அந்தச் சதையில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு காயை அறுத்து, உட்புறம் தெரியும்படி முன்னால் வைத்து, பத்தை போட்டு விற்கும் நம் காய்கறிக் கடைக்காரர்தான் எனக்கு விவரமானவராகத் தெரிகிறார். அழகுப் போட்டிக்குத் தோல் போதும். காசு கொடுப்பவர் அறுத்துக் காட்டச் சொல்வதே நியாயம்.