வெள்ளம் வடிந்தது, வீட்டுக்காரர் வந்தார்!

தோழர்களே! வெள்ளம் வந்தால் 'விதி' என்பான் ஒருவன். 'இயற்கையின் சீற்றம்' என்பான் இன்னொருவன். மழை பொழிந்தது இயற்கை, ஏரி நிரம்பியது இயற்கை, ஒப்புகிறோம். ஆனால் நீர் வடிந்த மறுவாரமே, "வீட்டைப் பழுது பார்க்க வேண்டும், காலி செய்" என்று ஒரு குரல் எழுகிறதே, அதுவும் இயற்கையா? அன்று! அது மனிதன் எழுதிய சட்டம் இடங்கொடுப்பதால் எழும் குரல். மனிதன் எழுதியதை மனிதனே திருத்தலாம்.

தென்னேரிக் கரையில் வாழ்வோர் அறிவர்: ஏரி நிரம்பினால் உழவன் மகிழ்வான், கலங்கல் வழிந்தால் தாழ்விடத்தில் குடியிருப்பவன் நடுங்குவான். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் கொட்டிய பெருமழையைக் காஞ்சி மாவட்டம் மறந்துவிடவில்லை. குடிசை இழந்தோர்க்கு 10,000 ரூபாயும், வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட பிற குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும் அரசு அறிவித்தது. கொடுத்ததைக் குறை கூறவில்லை. அரிசிக்கும் வேட்டிக்கும் வழி சொன்னவர்கள், வாடகைக் குடித்தனக்காரன் அதே கூரையின்கீழ்த் தொடர்ந்திருக்க என்ன வழி சொன்னார்கள்?

காஞ்சிப் பட்டு நெய்பவனுக்கு வீடே தொழிற்கூடம். தரையைத் தோண்டி அமைத்த குழித்தறி அவனது பிழைப்பு. வெள்ளம் முதலில் நிரப்புவது அந்தக் குழியைத்தான்; நனைந்து கெடுவது அவனது பாவுதான். அவனை வெளியேற்றினால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம். குழியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? புதுவீட்டுக்காரர் தம் தரையைத் தோண்ட இசைவாரா? வீடு போனால் வேலையும் போயிற்று!

சட்டத்தைப் பாருங்கள். 1960 ஆம் ஆண்டுக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பழுதுபார்க்க வீட்டைக் கேட்பவரிடம் ஓர் உறுதிமொழி வாங்கியது: பணி முடிந்ததும், மூன்று மாதத்துக்குள், அல்லது அதிகாரி நீட்டித்த காலத்துக்குள், அதே குடித்தனக்காரருக்கே வீட்டை மீண்டும் அளிக்க வேண்டும். அதை நீக்கி வந்தது 2017 ஆம் ஆண்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி, இருவரும் இசைந்து புதிய ஒப்பந்தம் எழுதினாலன்றிப் பழைய குடித்தனக்காரர் திரும்ப இயலாது. வலியவரும் எளியவரும் இசைவதாம்! பூனை இசைந்தால் எலி பிழைக்கலாம் என்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

'சொத்துரிமையில் தலையிடலாமா?' என்று சிலர் பதறுவர். வாடகைக் கட்டுப்பாடே பேரிடரின் குழந்தை என்பதை அவர்கள் அறியட்டும். முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரத் தொழிலாளர் குடும்பங்கள், பெண்கள் முன்னிற்க, வாடகை தர மறுத்துப் போராடின. 1915 டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வாடகைக்கு வரம்பு கட்டியது. சென்னை மாகாணத்திலும் 1941 இல் போர்க்கால ஆணையாகவே அது பிறந்தது. கொரோனாக் காலத்தில், 2020 மார்ச் 29 அன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஒன்றிய உள்துறை ஆணையிட்டது: தொழிலாளரிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது, தொழிலாளரையோ மாணவரையோ வெளியேற்ற முயல்வோர்மீது நடவடிக்கை! நோய்க்குச் செய்ய முடிந்ததை வெள்ளத்துக்குச் செய்ய முடியாதா?

2021 ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் ஒரு கீற்று ஒளி காட்டுகிறது: பேரிடர் வேளையில் ஒப்பந்தக் காலம் முடிந்தால், பேரிடர் ஓய்ந்தபின் ஒரு மாதம் தங்கலாம். ஆயினும் மாதிரிச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது; எழுத்து ஒப்பந்தமே இல்லாத நெசவாளிக்கு அந்த ஒரு மாதமும் எட்டாக்கனி.

வீட்டுக்காரரும் இழந்தவர்தானே என்பீர். உண்மை. வாடகையை நம்பி வாழும் ஏழைக் கைம்பெண்ணும் உண்டு. அவர் சுவரை அரசு உதவி எழுப்பட்டும். அவ்வுதவிக்கு நிபந்தனை, பழைய குடித்தனக்காரர் பழைய வாடகைக்கே திரும்புவது. பாதிக்கப்பட்ட பகுதி என அறிவித்த இடத்தில் ஆறு மாதம் வெளியேற்றத்துக்குத் தடை. எழுத்து ஒப்பந்தம் இல்லாதோர்க்கும் அதே காப்பு. இவை சட்டமாகட்டும்!

இளைஞர்களே! அடுத்த மழைக்கு முன்பே தெருத்தெருவாகச் செல்லுங்கள். வாடகைக்கு இருப்போர் யார், எத்தனை ஆண்டாக இருக்கின்றனர், ரசீது உண்டா என்று குறித்துப் படிப்பகத்தில் பதிவேடு வையுங்கள். வெள்ளம் சான்றுகளை அடித்துச் செல்லும். அந்தப் பதிவேடு அவர்கள் பக்கம் நின்று பேசும்.