அன்னாசியும் அவிநாசிபாளையமும்

அன்னாசி நம் நாட்டிற் பிறந்த கனி அன்று. தென்னமெரிக்காவில் தோன்றிய அதனைக் கொலம்பஸ் 1493-ஆம் ஆண்டில் குவாதலூப் தீவிற் கண்டார். பின்னர்ப் போர்த்துகீசியர் வாயிலாக அஃது இந்தியா புகுந்தது. பறங்கித்தாழை என்று நம் முன்னோர் இட்ட பெயரே இவ்வரலாற்றைக் கூறும். இன்று கொல்லிமலையிலும், கேரளத்து வாழக்குளத்திலும் அது சொந்தப் பயிரேபோற் செழிக்கின்றது. அங்ஙனமாயின் நமது அவிநாசிபாளையத்திலும் அதனை ஏக்கர் கணக்கிற் பயிரிடலாகாதோ என்று வினவுவார் உளர். தோட்டத்தில் வேண்டா, தொட்டியில் வேண்டும் என்பதே எமது விடை.

அன்னாசிக்கு நீர் மிகுதியாக வேண்டுவதில்லை, ஆதலின் வறண்ட கொங்கு நாட்டிற்கு அது பொருந்தும் என்பர். இது பாதி உண்மையே. பிற செடிகள் பகலிற் சுவாசத் துளைகளைத் திறந்து ஈரத்தை இழக்க, அன்னாசியோ பெரும்பாலும் இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை ஏற்றுச் சேமித்து, வெயிலில் மூடிக்கொள்கின்றது. மற்றைப் பாதி உண்மை மண்ணைப் பற்றியது. அன்னாசி புளிப்புத் தன்மையுள்ள மண்ணையே விரும்பும். நம் பக்கத்துச் சுக்கான்கல் நிலத்தில் சுண்ணாம்பு மிகுதலின், இரும்புச் சத்து வேருக்கு எட்டாது இலை வெளிறும். உப்புக் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் அதற்கு ஆகாது. மலையின் ஈரக் காற்றும் இங்கில்லை. மண்ணைச் சோதியாமற் கடன் வாங்கிப் புதுப்பயிரில் இறங்கும் குடியானவன் கன்றை மட்டுமன்று, நிலத்தையும் இழக்க நேரும். சாயக்கழிவால் நொய்யல் கெட்டு, 2011-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் சாயச்சாலைகளை மூடுமாறு ஆணையிட்டதைக் கண்ட மாவட்டத்தார், மண்ணும் நீரும் எளிதில் மீளா என்பதை அறியாதாரல்லர்.

தொட்டியிலோ மண் நம் கைவசமாகின்றது. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையும் கலந்து, அடியில் நீர் வடியத் துளையிடுக. கடையில் வாங்கிய பழத்தின் கொண்டையைத் திருகி எடுத்து, அடியிலைகள் சிலவற்றைக் களைந்து, சில நாள் நிழலில் உலர்த்தி நடுக. குருத்தில் மண் விழலாகாது. வேரில் நீர் தேங்கலாகாது. மாடியில் விழும் மழைநீரைச் சேமித்து வார்ப்பின் மிக நன்று. பக்கக்கன்று ஒன்றரை ஆண்டளவிற் கனி தரும். கொண்டையோ இரண்டாண்டும் அதற்கு மேலும் கொள்ளும். அசோர்ஸ் தீவுகளிற் கண்ணாடி வீட்டிற் புகுந்த புகையால் அன்னாசி பூத்தமை 19-ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டது. புகையிலுள்ள எதிலீன் வாயுவே காரணம். பழுத்த வாழைப்பழமும் அவ்வாயுவை வெளியிடுமாதலின், முதிர்ந்த செடியுடன் அதனை வைத்துச் சில நாள் மூடிவைத்தலும் உண்டு. பறித்தபின் அன்னாசியில் இனிமை ஏறாது. ஆதலின் செடியிலேயே பழுக்க விடுக. ஒரு செடி ஒருமுறையே கனிந்து, கன்றுகளை விட்டு மறையும்.

இனி, நூலால் வாழும் நம்மவர் சிந்திக்க வேண்டுவது பழத்தை மட்டுமன்று, இலையையும் ஆகும். பிலிப்பைன்ஸ் நாட்டு அக்லான் மாகாணத்தார் அன்னாசி இலையை உடைந்த பீங்கான் ஓட்டாற் சுரண்டி, நாரெடுத்து முடிந்து, மெல்லிய பீன்யா ஆடை நெய்கின்றனர். அக்கைத்தொழிலை யுனெஸ்கோ 2023-ஆம் ஆண்டில் மானிட மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. பனியன் நெய்யும் நமது வட்டாரத்திற்கு மலைத்தோட்டங்கள் தொலைவல்ல. பழம் பறித்தபின் அங்கு வீணாகும் இலையிலிருந்து நூல் காண முயலுதல், பொருந்தா மண்ணில் அன்னாசியை வருத்தி வளர்ப்பதினும் அறிவுடைமையன்றோ?

ஆதலின் மாணவ நண்பர்காள், விடுமுறையில் ஆளுக்கொரு கொண்டை நடுங்கள். விரைவிற் பயன் தேடும் இக்காலத்தில், ஒரு கனிக்காக ஈராண்டு காத்திருத்தலும் ஒரு கல்வியே. எந்நிலத்திற்கு எப்பயிர் என்று ஆராய்ந்து நடுதல் அதனினும் பெரிய கல்வி.